பேச்சி தைத்த சட்டைகள்

உப்போடை என்று ஓர் ஊர், மூன்று பக்கம் உப்பளமும் ஒரு பக்கம் உடைமரக் காடுமாக, காற்றடித்தால் உதடெல்லாம் கரிக்கிற ஊர். அந்த ஊர் அரசு மேல்நிலைப்பள்ளியில் பதினோராம் வகுப்புத் தையல் குரூப்பில் சேர்ந்த முத்துப்பேச்சி தைத்த எந்தத் துணியும், தைத்துக் கொடுத்த அன்றைக்கு, யாருக்கும் பொருந்தியதில்லை.

அளவெடுப்பதில் அவளிடம் பிழை கிடையாது. தையல் டீச்சர் ஜெபமணி பக்கத்திலேயே நின்று, டேப்பைப் பிடித்த விரலைப் பார்த்து, தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று ஒவ்வொன்றையும் தானும் ஒருமுறை அளந்து சரிபார்த்து, முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டவைத்து, அதன்பிறகே துணியில் கத்தரி வைக்க விடுவார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போகும். ஆனால் கடைசி ஊக்கை வைத்துத் தைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்ததும், துணி நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி பேச்சியின் மடியில் ஒருமுறை உதறிக்கொள்ளும், எடுத்து விரித்தால் அது வேறு யாருக்கோ தைத்ததாக இருக்கும்.

முதல் ஜாக்கெட்டை அவள் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிற சீனித்தாய்க்குத் தைத்தாள். சீனித்தாய் அண்டாவையும் அடுப்பையும் ஒரே கையில் நகர்த்துகிற பெரிய உடம்புக்காரி. ஜாக்கெட்டோ ஒரு கை நுழையாத ஒல்லியாக வந்திருந்தது.

"ஏட்டி, இது எனக்கா, எங்க வீட்டு முருங்கக்கம்புக்கா?" என்று சீனித்தாய் வயிறு குலுங்கச் சிரித்து, பிள்ளை ஆசையாகத் தைத்ததாயிற்றே என்று அதை வாங்கிப் பெட்டியின் அடியில் போட்டுவைத்தாள். கார்த்திகையில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மாசி பிறந்தபோது அவள் பாயோடு பாயாகக் கிடந்தாள். செத்த அன்று குளிப்பாட்டிய பெண்கள், அவளுடைய ஜாக்கெட்டுகள் எதுவும் அந்த உடம்பில் நிற்காமல் வழுக்கி விழுவதைப் பார்த்துப் பெட்டியைக் குடைந்து, அடியில் கிடந்ததை எடுத்து மாட்டினார்கள். அது ஊற்றி வார்த்ததுபோல் உட்கார்ந்தது.

பள்ளிக்கூட வாட்ச்மேன் கொம்பையாவின் சட்டை வலது கை இல்லாமல் வந்திருந்தது. சீனித்தாயின் சாவுக்குப் போய் வந்த கொம்பையா அந்தச் சட்டையை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், மறுநாளிலிருந்து கேட்டைத் திறப்பது, மணி அடிப்பது, பீடி பற்றவைப்பது எல்லாவற்றையும் இடது கையால் செய்யப் பழகினார். சர்க்கரை வியாதியில் புண்ணாகி அவருடைய வலது கையை எடுத்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த திங்கட்கிழமையே அவர் வழக்கம்போல் மணி அடித்தார், ஒருநாள்கூடத் தாமதமாகவில்லை. கை போனவனைப் பார்த்து ஊர் பரிதாபப்படவில்லை, பொறாமைப்பட்டது. "முன்னாடியே தெரிஞ்சா எம்புட்டு வசதி" என்றது.

அப்படித்தான் அது ஊருக்குப் பழகிப்போயிற்று. பேச்சி தைக்கிற துணி, அதற்குரியவர் சாகிற அன்றைக்குப் பொருந்தும் என்பதை, உப்பு வாருவதற்கு எந்த மாதம் நல்லது என்று தெரிந்துவைத்திருப்பதுபோல உப்போடை தெரிந்துவைத்துக்கொண்டது. ஏன், எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றார்கள். இப்போதைய உடம்பைவிட ரொம்பப் பெரிதாகவோ, கூன் விழுந்தாற்போல முதுகு வளைந்தோ வந்தால் அது நெடுநாளுக்கு அடையாளம் என்று அந்த ஜாக்கெட்டைத் தெரு பார்க்கக் கொடியில் காயப்போட்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையின் சட்டையையும் தட்டில் வைத்துக் கொண்டுபோனார்கள். ஒல்லியாக வந்தவர்கள் ஒல்லியாகிவிடக் கூடாது என்று மூன்று வேளையும் புரோட்டா தின்றார்கள். அகலமாக வந்தவர்கள் அகலமாகிவிடக் கூடாது என்று பட்டினி கிடந்தார்கள். சில மாசத்திலேயே ஊர்க்காரர்களின் உருவமே மாறிப்போய், வெளியூர்க் கண்டக்டர்களுக்குத் தெரிந்த முகங்கள்கூட அடையாளம் தெரியாமல் போயின. தையல் குரூப்பை இழுத்து மூட இருந்த தலைமையாசிரியர் பழுதான மெஷின்களுக்கெல்லாம் எண்ணெய் போடச் சொன்னார்.

பேச்சிக்கு மட்டும் இதில் ஒன்றும் பிடிக்கவில்லை. உப்பளத்துக்குப் போய்க் காலெல்லாம் வெடித்துப்போன அம்மாவைப்போல் ஆகாமல், நிழலில் உட்கார்ந்து செய்கிற ஒரு தொழில் வேண்டும் என்றுதான் அவள் தையலில் சேர்ந்தாள். உடன் படித்த பெண்கள் தைத்த பாவாடைகளும் சுடிதார்களும் தெருவில் நடமாடின, பஸ் ஏறின, கோயிலுக்குப் போயின. அவள் தைத்தது எல்லாம் பெட்டிக்குள் கிடந்து, ஒருநாள் வெளியே வந்து, அன்றைக்கே மண்ணுக்குப் போனது. தான் தைத்த ஒன்றை உயிருள்ள ஒருத்தி உடுத்திக்கொண்டு, கை வீசி நடந்து போவதைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அதற்காகத் தைத்ததைப் பிரித்தாள், பிரித்ததைத் தைத்தாள்; அக்குள் வளைவை எப்படித் திருப்பினால் துணி இழுக்காது, கழுத்துப் பட்டியை எங்கே நறுக்கிவிட்டால் படியும் என்று விரல் நுனி வெடிக்கும்வரை படித்தாள். அவள் அம்மா மட்டும் ஒரு முழத் துணியைக்கூட அவளிடம் நீட்டியதில்லை. "எனக்கு நீ தைக்காத தாயி. நான் பாட்டுக்கு இருந்துட்டுப் போறேன்" என்பாள்.

அடுத்த ஆனியில் இலவசச் சீருடைத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அதே காம்பவுண்டுக்குள் இருக்கிற தொடக்கப்பள்ளியின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தையல் குரூப் மாணவிகளே தைக்க வேண்டும், அதுவே செய்முறைப் பயிற்சி என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஜெபமணி டீச்சர் பேச்சியைப் பொத்தான் கட்ட மட்டும் உட்கார்த்தினார். ஆனால் அந்த வாரம் ஊரில் அம்மை பரவி, தையல் வகுப்பில் பாதிப்பேர் வேப்பிலையில் படுத்துவிட்டார்கள். மீதிப் பெண்களை அவர்கள் வீட்டில் அனுப்பவில்லை. மெஷின் முன்னால் பேச்சி ஒருத்திதான் மிஞ்சினாள். அதிகாரி பார்வையிட வருகிற தேதி நெருங்கியது.

டீச்சர் தயங்கினாலும் பிள்ளைகளின் தாய்மார்கள் தயங்கவில்லை. என் பிள்ளை எவ்வளவு உயரம் வளருவான், எவ்வளவு பெரிய ஆளாகப் போய்ச் சேருவான் என்று பார்த்துவிடுகிற ஆசையில், உப்பளத்துக்கு ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் வந்து குவிந்தார்கள். அவர்களில் ரொம்ப ஆசைப்பட்டவள் செல்லக்கனி. புருசனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, முகிலன் என்கிற ஒரே பையனை வைத்துக்கொண்டு உப்பு வாரிப் பிழைக்கிறவள்.

"ஏட்டி பேச்சி, எம்புள்ளைக்குச் சட்டை எப்படி வரப்போகுதுன்னு பாரு. வேட்டி விரிச்ச மாதிரி வரும் பாரு" என்று சன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பேச்சி தைத்தாள். மஞ்சள்காமாலைக் கண்போல மங்கிய டியூப்லைட்டுக்குக் கீழே, சின்னஞ்சிறு தோள்களும் சின்னஞ்சிறு காலர்களுமாகத் தைத்துத் தைத்து ஒரு பக்கம் அடுக்கினாள். கடைசிப் பொத்தானைக் கட்டி நூலைக் கடித்து அறுக்கிறபோதெல்லாம் மடியைப் பார்த்துக்கொண்டாள். துணி உதறவில்லை. ஒன்றுகூட உதறவில்லை.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக மாட்டினார்கள். முதல் பையனுக்குச் சட்டை பொருந்தியது. தோள் தோளில் நின்றது, கை முழங்கைக்கு மேல் நின்றது. அடுத்த பெண்ணுக்குப் பொருந்தியது. அதற்கடுத்தவனுக்கும், அதற்கடுத்தவளுக்கும், முகிலனுக்கும், வகுப்பு மொத்தத்துக்கும், ஒரு சுருக்கம் இல்லாமல், ஓர் இழுப்பு இல்லாமல் பொருந்தியது. புதுச்சட்டை கிடைத்த பிள்ளைகள் கையை அகல விரித்துக்கொண்டு மைதானத்தில் ஓடின. தன் வாழ்க்கையில் அதுவரை இல்லாத ஒரு சந்தோசம் பேச்சியின் நெஞ்சில் குபுகுபுவென்று ஏறியது. தான் தைத்தவை நடக்கின்றன, ஓடுகின்றன, விழுந்து எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்கின்றன என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒரு தாய்கூடச் சிரிக்கவில்லை.

செல்லக்கனிதான் முதலில் ஓடிப்போய், முகிலனின் சட்டையைப் பொத்தான் தெறிக்கக் கழற்றினாள்.

அதிகாரி வந்து, மிச்சமிருந்த சட்டைகளைத் தொட்டுப் பார்த்து, பிரமாதமான தையல் என்று பாராட்டிவிட்டுப் போனார். ஊர் வேறு கணக்கில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்றைய அளவே கடைசி அளவு என்றால், எல்லாரும் சேர்ந்து, ஒரே நேரத்தில், சீக்கிரமே என்றுதானே அர்த்தம். எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் தடுத்தார்கள். பள்ளிக்கூடக் கிணற்றுக்குக் கல் மூடி போட்டார்கள். தொடக்கப்பள்ளிக் கூரையின் ஓடுகளை இறக்கினார்கள். நாய்களை அடித்துக் கொன்றார்கள், ஊஞ்சலைப் பிடுங்கிக் காயலான் கடையில் போட்டார்கள், உப்பு லாரிகளை ஊருக்கு வெளியிலேயே நிற்கவைத்தார்கள். பிள்ளைகள் ஒன்றாக இருந்தால்தானே ஒன்றாகப் போகும் என்று ஒருவர் சொல்ல, அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டு, ஒன்றாம் வகுப்பில் எந்த இரண்டு பிள்ளையும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்று முடிவாயிற்று. காலையில் தாய்மார்கள் உப்பளத்துக்குக் கிளம்பும்போது பிள்ளைக்கு முட்டையும் வாழைப்பழமும் எடுத்துவைத்து, வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். வெயிலில் உப்போடைத் தெருக்கள் வெறிச்சென்று கிடந்தன. சன்னல் கம்பிகளுக்குப் பின்னால் சின்ன விரல்கள் மட்டும் தெரிந்தன.

"துணி உதறல டீச்சர்" என்றாள் பேச்சி. "எப்பவும் உதறும். இதுல ஒண்ணுகூட உதறல."

ஜெபமணி டீச்சர் அவள் கையை எடுத்து, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்களைத் தடவிப் பார்த்தார். "அப்ப நீ தையல் படிச்சிட்டட்டி" என்றார். "அவ்வளவுதான் விசயம். சரியா அளவெடுத்து, சரியா வெட்டி, சரியா தச்சிருக்க. சரியா தச்சா பொருந்தத்தான செய்யும்?"

இதையே அவர் பெற்றோர் கூட்டத்திலும் சொன்னார். யாரும் கேட்கவில்லை. ஒரு வருசம் வராத தொழில் ஒரே வாரத்தில் வந்துவிடுமா என்றார்கள். சீனித்தாயைச் சொன்னார்கள், கொம்பையாவின் கையைச் சொன்னார்கள். கொம்பையாவும் இல்லாத கையைத் தூக்கிக் காட்டினார்.

"சரி. எனக்கு ஒண்ணு தை" என்றார் டீச்சர் பேச்சியைப் பார்த்து, அத்தனை பேர் முன்னாலும்.

"வேண்டாம் டீச்சர்."

"தைட்டி. பொருந்துனா நான் போட்டுக்கிட்டே நடக்கேன். நான் சாகுதேனான்னு இவங்க பாக்கட்டும்."

பேச்சி தைத்த கத்தரிப்பூ நிற ஜாக்கெட் டீச்சருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அன்றிலிருந்து ஜெபமணி டீச்சர் வேறு ஜாக்கெட் போடவில்லை. சாயங்காலம் துவைத்துக் காயவைத்து, காலையில் அதையே போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம்வரை வேண்டுமென்றே கடைத்தெரு வழியாக நடந்து வந்தார். ஊர் அவரைச் செத்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தது. ஜனங்கள் அவரிடம் தாழ்ந்த குரலில் பேசினார்கள், பழைய சண்டைக்காரர்கள் வந்து கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்கள், மீன்காரி நல்ல மீனாகப் பொறுக்கிக் கொடுத்துக் கண்ணைத் துடைத்தாள். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. டீச்சர் சாகவில்லை. "இன்னும் வேளை வரல" என்றார்கள், பூட்டுகளைத் திறக்கவில்லை.

புரட்டாசி வெயில் ஒன்றில், தண்ணீர் தாகம் எடுத்த முகிலன், வீட்டுக்குள் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த நீல டிரம்மில் டம்ளரை விட்டு மொண்டபோது, டம்ளர் கைநழுவி உள்ளே போய்விட்டது. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, உள்ளே குனிந்திருக்கிறான். வெளியே பூட்டியிருந்தது. எதிர்வீட்டிலும் ஒரு பிள்ளை பூட்டிக் கிடந்தது. முகிலன் வீட்டில் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டதாகவும், பிறகு கேட்கவில்லை என்றும் அந்தப் பிள்ளை சாயங்காலம் சொன்னது.

குளிப்பாட்டிய பிறகு அவனுக்கு அந்தச் சீருடையைத்தான் உடுத்தினார்கள். செல்லக்கனியே அதை எடுத்துக் கொடுத்தாள். பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும், அவன் தோளையும் அவன் நெஞ்சையும் அளந்து, அவனுக்கென்றே தைத்த சட்டை. மூன்று மாதத்தில் பிள்ளை எவ்வளவுதான் வளர்ந்துவிடும். ஆனால் முற்றத்தில் கூடியிருந்தவர்கள் அதைப் பார்த்ததும் ஒரே குரலாக ஓலமிட்டு, தங்கள் தங்கள் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். மறுநாள் பஸ்ஸில் இடமில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் அத்தை வீடு, மாமன் வீடு என்று திசைக்கொன்றாக அனுப்பிவிட்டார்கள். வீட்டைப் பூட்டினதுதானே பிள்ளையைக் கொன்றது என்று கேட்ட ஜெபமணி டீச்சரின் மேல் மண்ணை வாரி வீசினார்கள். தூர ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்து, அந்தக் கத்தரிப்பூ ஜாக்கெட்டோடேயே அவர் பஸ் ஏறினார்.

பேச்சியை யாரும் அடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்து தைத்த மெஷினைச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று தலைமையாசிரியர் சொன்னார். தெருவில் அவள் வந்தால் பெண்கள் தங்கள் முந்தானையை இழுத்து உடம்பை மூடிக்கொண்டார்கள், அவள் கண் அளவெடுத்துவிடும் என்பதுபோல.

ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம், அம்மா உப்பளத்துக்குப் போயிருந்த நேரம், செல்லக்கனி பேச்சியின் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு ஜாக்கெட் துணி. கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தி, பாதி ஆளாகியிருந்தாள்.

"அளவெடு" என்றாள்.

"அக்கா, வேண்டாம்க்கா. எனக்கு இப்ப அது வர்றதில்லக்கா. சும்மா சட்டதான்க்கா தைக்கேன். சத்தியமா."

"எம்புள்ளைக்கு வந்துச்சுல்லா?"

செல்லக்கனி நீட்டிய துணியைத் தொடாமல் பேச்சி கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். துணி சொல்லட்டும்" என்றாள் செல்லக்கனி. "எனக்கு எப்பன்னு தெரிஞ்சாப் போதும். பொருந்திருச்சுன்னா நான் பாட்டுக்குக் கிளம்பிருவேன். கடல் பக்கத்துலதான இருக்கு. அவனும் தனியா இருக்கான்."

பேச்சி டேப்பை எடுத்தாள். செல்லக்கனியின் நெஞ்சைச் சுற்றி வந்த டேப் வெறும் கூட்டைச் சுற்றி வந்ததுபோல் இருந்தது. தோளை அளந்தாள், கையை அளந்தாள். அளக்க அளக்க அவளுக்குத் தெரிந்துபோயிற்று, இப்போது தன்னுடைய கை எதைத் தைத்தாலும் பொருந்தும், இவளுக்கும் பொருந்தும், பொருந்தியதும் இவள் அதைப் போட்டுக்கொண்டே கடலைப் பார்த்து நடப்பாள். நான் தைத்ததை உயிரோடு ஒருத்தி உடுத்தி நடப்பதைப் பார்க்கத்தானே இத்தனை பாடு பட்டேன் என்று நினைத்துக்கொண்டே டேப்பைச் சுருட்டினாள்.

"நாளைக்கு வாங்கக்கா" என்றாள்.

செல்லக்கனி போனதும் பேச்சி தான் குறித்துவைத்த அளவைக் கோடு போட்டு அடித்தாள். குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்து, போகிற வருகிற கிழவிகளைப் பார்த்தாள். தோள் எப்படிச் சரிந்து இறங்குகிறது, கழுத்துக்குப் பின்னால் முதுகு எப்படித் திரண்டு வளைகிறது, முழங்கைக்கு மேல் சதை எப்படித் தொங்குகிறது, இடுப்பு எப்படி அகன்று அமுங்கிப்போகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்ணாலேயே அளந்தாள். அந்த உடம்புகள் எல்லாவற்றிலும் செல்லக்கனியின் உயரத்தையும் எலும்பையும் வைத்துப் பார்த்து, ரொம்ப ரொம்பக் காலம் தின்று, உறங்கி, நடந்து, மூப்படைந்த ஒரு செல்லக்கனியை மனசுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, அவளுக்கு வெட்டினாள். வீட்டில் மெஷின் இல்லாததால் கையாலேயே தைத்தாள். பொருந்தாத ஒன்றைப் பொருந்தாதபடி சரியாகத் தைப்பதற்கு, அவள் அதுவரை படித்த மொத்தத் தொழிலும் தேவைப்பட்டது.

மறுநாள் செல்லக்கனி அதை மாட்டினாள். தோள் வழிந்தது, கை தொளதொளவென்று தொங்கியது, முதுகுப் பக்கம் துணி கூன் போட்டு வெற்றாகத் துருத்தியது, முன்பக்கம் இரண்டு பேர் நுழையலாம். குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டாள். பக்கவாட்டில் துணியைக் கையால் அள்ளிப் பிடித்தாள், விட்டாள், மறுபடியும் அள்ளினாள்.

"இம்புட்டு நாளா?" என்றாள்.

பேச்சி கீழே சிந்திக்கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினாள்.

"இம்புட்டு நாளும் நான் இருக்கணுமா? ஏட்டி... இம்புட்டு நாளும் அவன் இல்லாம இருக்கணுமா?"

சுவரில் சரிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மகன் செத்தபோது வராத அழுகை அன்று வந்தது. மண்ணை வாரித் தூற்றி, "உன் கை விளங்காமப் போயிரும். நீ தச்ச கை அழுகிப் போயிரும்" என்று பேச்சியைச் சபித்தாள். பேச்சி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சாபம் முழுவதையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி பொய் சொல்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், தான் படித்தது உண்மை என்று ஊருக்கே நிரூபித்துவிடலாம் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

அழுது ஓய்ந்ததும் செல்லக்கனி எழுந்து, ஜாக்கெட்டைக் கழற்றி, நான்காக மடித்து இடுக்கிக்கொண்டாள். வாசலில் நின்று, குரல் தேய, "தண்ணி குடு" என்று வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் விடியலில் உப்பளத்துக்கு ஆள் ஏற்றுகிற லாரி வந்து நின்றபோது, ஏறுகிறவர்களில் அவளும் நின்றாள். தூக்குச்சட்டியில் கஞ்சி இருந்தது. யாரோ மேலிருந்து கை நீட்டினார்கள். அவள் பிடித்து ஏறிக்கொண்டாள்.